ஐப்பசி மழைக்கு முன் தோப்புக் கரையைச் சரிபார்ப்பது: வரிசையாக ஒரு முழு வழிகாட்டி

சிறுமலை, அழகர்மலை அடிவாரத்திலும், எழுமலை, சாப்டூர் பக்கம் மலையோரத்திலும் தோப்பு வாங்குகிற பலருக்கு நிலத்தோடு சேர்ந்து ஒரு மண் கரையும் வந்துவிடுகிறது. முன்பு வைத்திருந்தவர் மழைத் தண்ணீரை மறிக்க ஜேசிபி வைத்துப் போட்டது. எட்டடி, பத்தடி, சில இடங்களில் பதினைந்தடி உயரம் இருக்கும். மாமரத்துக்கும் தென்னைக்கும் கோடை முழுக்க அதுதான் உயிர். அந்தக் கரை இந்த வருட மழையைத் தாங்குமா என்று பார்த்து, தாங்காவிட்டால் சரிசெய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. ஊர்ப் பொதுக் கண்மாய்க்கு இது பொருந்தாது. அதற்கு வேறு ஆட்கள், வேறு விதிகள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள்: கரையை உயர்த்துவது. நான்கு டிப்பர் மண்ணைக் கொட்டி, ஜேசிபி பக்கெட்டால் தட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பல இடங்களில் செய்யவே வேண்டாத வேலை. மண் கரை உடைவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான். ஒன்று, தண்ணீர் கரைக்கு மேலே ஏறி வழிவது. இன்னொன்று, கரைக்குள்ளேயே வழி கண்டுபிடித்து மண்ணை அரித்துக்கொண்டு வெளியேறுவது. முதலாவதற்கு மருந்து அகலமான கலுங்கு, அதாவது மிகுதித் தண்ணீர் வெளியேறுகிற வழி. இரண்டாவதற்கு மருந்து கரையின் உடம்பைச் சரிபார்ப்பது. உயரம் இரண்டையுமே தீர்க்காது. தண்ணீரை மேலும் தேக்கி, இரண்டாவதை இன்னும் மோசமாக்கும்.

1. எப்போது தொடங்குவது, கையில் என்ன வேண்டும்

ஆனி, ஆடியில் தொடங்குங்கள். அப்போதுதான் தண்ணீர் அடிமட்டத்தில் இருக்கும், உள்சரிவு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். மண் வேலை எல்லாவற்றையும் புரட்டாசி பாதிக்குள் முடித்துவிட வேண்டும். புதிதாக இறுக்கிய மண்ணுக்கு, பெரிய மழை விழுவதற்குமுன் சில வாரமாவது கிடைக்கட்டும்.

தேவையானவை அதிகமில்லை. கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் ட்யூப்), 30 மீட்டர் டேப், கரையில் குத்திப் பார்க்க ஓர் ஆள் உயரத்துக்கு 10 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி, அடையாளம் வைக்கச் சுண்ணாம்பும் மூங்கில் குச்சியும், மண் சோதனைக்கு ஒரு பாட்டில் பேட்டரித் தண்ணீர் (உப்பில்லாத காய்ச்சி வடித்த தண்ணீர்), எழுத ஒரு நோட்டு. போனில் படம் எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். படமும் வேண்டும். ஆனால் போன வருடம் கசிவு எந்தக் குச்சியில் இருந்தது, இந்த வருடம் எந்தக் குச்சிக்கு நகர்ந்தது என்பதை நோட்டுதான் சொல்லும். அதனால் கரை நெடுக 10 மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு, எண் எழுதிவிடுங்கள்.

2. காகிதம் முதலில்

நிலத்தின் எல்லை காட்டும் புலப்படத்தையும், அது என்ன வகை நிலம், யாருடையது என்று சொல்லும் அ-பதிவேட்டையும் எடுத்து, கரை நிற்கிற இடம் முழுக்கப் பட்டா நிலம்தானா என்று பாருங்கள். நிறைய கரைகள் பட்டாவில் தொடங்கி, நடுவில் ஓடைப் புறம்போக்கைத் தாண்டி, மறுபடி பட்டாவில் முடியும். அப்படியென்றால் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் பேசாமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள். நீங்கள் செலவழித்துப் பலப்படுத்திய பிறகு அதை அகற்றச் சொல்லி நோட்டீஸ் வரலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் இருப்பவற்றில் நீளம், கொள்ளளவு போன்ற நிபந்தனைகளுக்குள் வருபவற்றுக்கும்தான். உங்கள் பத்தடிக் கரை அதில் வராது. அதாவது அதைச் சோதிக்க வருடா வருடம் எந்தப் பொறியாளரும் வரப்போவதில்லை. வராததால் பொறுப்பு குறையவில்லை. முழுப் பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

3. கரைக்குக் கீழே நடந்து போங்கள்

கரையைப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கீழே வெறும் காடு இருந்தால் ஒரு அளவு போதும். வீடு இருந்தால் அதே கரைக்கு வேறு அளவு வேண்டும். எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது கரையின் உயரம் அல்ல, கீழே இருக்கிறவர்கள்.

ஓடை போகிற வழியிலேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து, வழியில் உள்ளதை எல்லாம் எழுதுங்கள். வீடுகள், தரைப்பாலம், மோட்டார் ரூம், திறந்த கிணறு, ஆட்டுக்கிடை போடுகிற இடம், செங்கல் சூளைக் குடிசைகள். ராத்திரியில் ஆள் தூங்குகிற இடம் எது என்பதைத் தனியாகக் குறியுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போன் நம்பர் வாங்குங்கள். வாங்கும்போதே எதற்கு என்று சொல்லிவிடுங்கள். சிலர் தயங்குவார்கள், வீண் பயத்தைக் கிளப்புகிறோமோ என்று. சொல்லாமல் இருப்பதுதான் தப்பு.

அப்புறம், உங்கள் ஓடை எந்தக் கண்மாயில் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். மதுரைப் பக்கம் கண்மாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலியாகக் கிடப்பவை. ஏற்கெனவே நிறைந்து மறுகால் போய்க்கொண்டிருக்கும் கண்மாய்க்குள் உங்கள் தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் போய் விழுந்தால், அந்தக் கரையும் போகலாம்.

எவ்வளவு தண்ணீர் என்பதற்கு எளிய கணக்கு: நீர்ப்பரப்பு × அதிகபட்ச ஆழம் × 0.4. ஒரு ஹெக்டேர் பரப்பு, மூன்று மீட்டர் ஆழம் என்றால் 12,000 கன மீட்டர். ஒரு கோடியே இருபது லட்சம் லிட்டர். இது சின்னக் குட்டைதான் என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

4. மேலிருந்து எவ்வளவு வரும்

கூகுள் எர்த்தில் உங்கள் கரைக்கு மேலே தண்ணீர் எங்கிருந்து வடிகிறது என்று மேடு பார்த்துக் கோடு வரைந்தால், நீர்ப்பிடிப்புப் பரப்பு கிடைத்துவிடும். பிறகு ஒரு கணக்கு. பரப்பை ஹெக்டேரிலும், மழை வேகத்தை மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்றும் எடுத்து இரண்டையும் பெருக்குங்கள். அதை ஓட்டக் கெழுவால் பெருக்கி 360-ஆல் வகுத்தால், நொடிக்கு எத்தனை கன மீட்டர் வரும் என்று தெரியும். ஓட்டக் கெழு என்பது பெய்ததில் எத்தனை பங்கு ஓடி வரும் என்பது. மரமும் புல்லும் உள்ள நிலத்துக்கு 0.5, மொட்டைப் பாறைச் சரிவுக்கு 0.7 என்று வைக்கலாம்.

ஓர் உதாரணம். 40 ஹெக்டேர், கிட்டத்தட்ட நூறு ஏக்கர். மழை வேகம் மணிக்கு 100 மில்லிமீட்டர். கெழு 0.5. பெருக்கி வகுத்தால் நொடிக்குச் சுமார் 5.5 கன மீட்டர். ஒவ்வொரு நொடியும் 5,500 லிட்டர்.

100 மில்லிமீட்டர் அதிகம் என்று தோன்றலாம். இவ்வளவு சின்ன நீர்ப்பிடிப்புக்கு நாள் முழுக்கப் பெய்கிற மழையை விட, சாயங்காலம் இடியோடு அரை மணி நேரம் கொட்டுகிற மழைதான் ஆபத்து. அந்த அரை மணி நேரத்தில் அந்த வேகம் சாதாரணமாக வரும். நாள் மழைக்கும் வரம்பு கிடையாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. மதுரை மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையை விட அது அதிகம். கீழே ஆள் தூங்குகிற வீடு இருந்தால், உங்கள் கணக்கை வைத்து நிற்காமல், அணை வேலை தெரிந்த ஒரு பொறியாளரிடம் காசு கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

5. கலுங்கு: பாதி வேலை இங்கேதான்

கரைக்கு ஒரு நல்ல கலுங்கு இருந்தால் மற்ற குறைகளைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். கலுங்கு சரியில்லை என்றால் மற்றது எதைச் செய்தும் பயனில்லை. அதனால் பணம் குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் இங்கே போடுங்கள்.

அகலத்துக்கான கணக்கு: அகலமான தட்டைக் கலுங்கில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 60 சென்டிமீட்டர் ஆழத்தில் தண்ணீர் போனால், நொடிக்குச் சுமார் 0.8 கன மீட்டர் வெளியேறும். மேலே வந்த 5.5 கன மீட்டரை வெளியேற்ற 7 மீட்டர் அகலம் வேண்டும். ஆழத்தை 45 சென்டிமீட்டராகக் குறைக்க நினைத்தால் அகலம் கிட்டத்தட்ட 11 மீட்டர். நான் பார்த்த தோப்புக் கரைகளில் கலுங்கு என்ற பெயரில் இருந்தது பெரும்பாலும் ஒற்றைச் சிமென்ட் குழாய்தான். ஒன்றரை அடி விட்டமுள்ள குழாய், வெள்ளத்தில் வருகிற தண்ணீரில் ஒரு சிறு பங்கைத்தான் விடும். ஒரு தென்னை மட்டை குறுக்கே விழுந்தால் அதுவும் இல்லை.

கலுங்கின் தளத்திலிருந்து கரையின் மிகத் தாழ்ந்த இடத்துக்கு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? தண்ணீர் ஓடும் ஆழம் 60 சென்டிமீட்டர், அதற்கு மேல் அலைக்கும் எதிர்பாராததற்கும் 60 சென்டிமீட்டர். மொத்தம் 1.2 மீட்டர். இது இல்லையென்றால் கரையை உயர்த்துவதை யோசிக்காமல் கலுங்கின் தளத்தை வெட்டித் தாழ்த்துங்கள். ஓரடித் தண்ணீரை இழப்பீர்கள். இழக்கத்தான் வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, கலுங்கு கரையின் ஓரத்தில், வெட்டுப்படாத இயற்கை நிலத்தில் இருக்க வேண்டும். கொட்டிய மண்ணில் வெட்டிய கலுங்கு முதல் வெள்ளத்திலேயே அரித்துக்கொண்டு போகும். வெளியே வருகிற தண்ணீர் கரையின் அடியை ஒட்டி ஓடக் கூடாது. இந்தத் தப்பு மிகச் சாதாரணமாக நடக்கிறது: கலுங்கைச் சரியாகக் கட்டிவிட்டு, மறுகால் வாய்க்காலைக் கரையின் அடியோரமாகவே திருப்பிவிடுகிறார்கள். பக்கத்து நிலம் கெடாமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் கரை நிற்கிற காலடி அங்கேதான் அரிபடுகிறது. பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் ஓடையில் சேருங்கள். தண்ணீர் இறங்குகிற இடத்தில் குண்டுக்கல் பாவிவிடுங்கள்.

அடுத்தது மீன் வலை. குட்டையில் ரோகு, கட்லா விட்டவர்கள், மறுகாலோடு மீன் போய்விடும் என்று கலுங்கின் குறுக்கே வலை கட்டுகிறார்கள். வெள்ளத்தில் சருகும் பிளாஸ்டிக்கும் வலையில் வந்து அப்பி, அரை மணி நேரத்தில் அது சுவராகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வலை கூடவே கூடாது.

இன்னொரு பேச்சையும் கேட்பீர்கள். கார்த்திகைக் கடைசியில் தோப்புக் காவலுக்கு இருப்பவர் வந்து, "கலுங்குல ரெண்டு வரிசை மூட்டை வச்சா இன்னும் ரெண்டு மாசத்துக்குத் தண்ணி நிக்கும்ணே" என்பார். அவர் சொல்வது உண்மைதான், நிற்கும். மார்கழியில் ஒரு புயல் வந்தால் அந்த மூட்டைகளை யார் போய் எடுப்பது என்று மட்டும் அவரிடம் கேளுங்கள்.

6. புதரை அகற்றாமல் எதையும் பார்க்க முடியாது

சீமைக்கருவேலம் அடர்ந்த கரையில் ஓட்டையும் தெரியாது, கசிவும் தெரியாது. வேர் செத்து மக்கினால் அந்த இடம் குழாயாகி, தண்ணீருக்கு வழியாகும். கை மணிக்கட்டுப் பருமன் வரை உள்ளவற்றை வேரோடு பிடுங்குங்கள். பெரிய மரம் என்றால் தண்ணீர் இல்லாத காலத்தில் தூரைத் தோண்டி, விரல் பருமன் வேர் வரை எடுத்து, குழியின் ஓரங்களைச் சாய்வாக வெட்டி, 15 சென்டிமீட்டர் அடுக்குகளாக ஈரமண் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். மரத்தை மட்டும் வெட்டிவிட்டுத் தூரை விடுவது, மரத்தை அப்படியே விடுவதை விட மோசம். தூருக்குத் தீ வைக்கவும் வேண்டாம். வேர் வழியே உள்ளே எரிந்து வெற்றிடம் விடும்.

கரைமேல் தென்னை வைக்க ஆசைப்படாதீர்கள். பழைய கண்மாய்க் கரைகளில் பனை நிற்கிறதே என்பார்கள். அந்தக் கரைகளின் அகலம் வேறு. உங்கள் பத்தடிக் கரைக்கு அருகம்புல் போதும். கரையடியிலிருந்தும் ஐந்து மீட்டருக்கு மரம் வேண்டாம். ஆடு மேயலாம். மாடு ஏறி இறங்கினால் தடம் விழுந்து, மழைத் தண்ணீர் அதில் ஓடி வாய்க்காலாகிவிடும்.

7. கரையின் தலை மட்டம்

ட்யூப் லெவலால் ஒவ்வொரு குச்சியிலும் கரையின் உயரத்தை அளந்து எழுதுங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற கரையில் அரையடி, முக்காலடி பள்ளம் இருக்கும். பெரும்பாலும் நடுவில், பழைய ஓடை போன இடத்தில் இருக்கும். அங்கேதான் கரை உயரம் அதிகம், மண் அமிழ்வதும் அதிகம். வெள்ளம் மேலேறினால் மொத்தத் தண்ணீரும் அந்த ஒரு பள்ளத்தில்தான் பாயும். மண் அதிகம் கொட்டிய இடத்திலேயே உடைப்பு வரும்.

இப்போதுதான் மண் போடுகிற வேலை. மேலே உள்ள புல்லையும் வேரையும் செதுக்கி எடுங்கள். பழைய மண்ணைக் கொத்திச் சொரசொரப்பாக்கி நனையுங்கள். 15 சென்டிமீட்டர் அடுக்கு போட்டு ரோலர் ஓட்டுங்கள். மண் ஈரமா என்று பார்க்கக் கையில் பிடித்து உருட்டுங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் கசியக் கூடாது. ஆடிக்காற்றில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அதனால் டேங்கர் பக்கத்திலேயே நிற்கட்டும். ஜேசிபியின் டயர் ஏறி இறங்குவது இறுக்குவது ஆகாது. அது சக்கரம் போன இடத்தை மட்டும் அமுக்கி, இடையில் தளர்வாக விடும். வைப்ரேட்டர் ரோலர் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆட்டுக்கால் உருளை (மேலெல்லாம் முட்டுகள் உள்ள ரோலர்) கிடைத்தால் களிமண்ணுக்கு அதுவே மேல்.

இறுக்கிய பிறகும் மண் கொஞ்சம் அமிழும். போட்ட உயரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடுதலாக விடுங்கள். கரைத்தலை அகலம் மூன்று மீட்டருக்குக் குறையக் கூடாது. அவசரத்தில் வண்டி போகவும், கரையைக் காப்பாற்றவும் அது வேண்டும். சரிவு, ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் பக்கம் மூன்றடி, வெளிப்பக்கம் இரண்டரை அடி என்று இருந்தால் நல்லது.

8. எந்த மண் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணும் திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசலும் ஒன்றாக நடந்துகொள்ளாது. கரிசலில் தண்ணீர் கசிவது குறைவு, ஆனால் கோடையில் வெடிக்கும். வெடிப்பு கரைத்தலையில் குறுக்கே ஓடியிருந்தால் அது உடனே கவனிக்க வேண்டியது. முதல் மழையில் தண்ணீர் வேகமாக ஏறினால், வெடிப்பு ஊறி மூடுவதற்குள் அதன் வழியே புகுந்துவிடும். வெடிப்பை மேலே மண் தூவி மறைக்காதீர்கள். அது முடிகிற ஆழம் வரை அகலமாக வெட்டித் திறந்து, ஈரமண் இடித்து நிரப்புங்கள். அப்புறம் கரைத்தலை மேல் ஓரடி கனத்துக்குச் சரளை போட்டுவிட்டால், அடியிலுள்ள கரிசல் அடுத்த கோடையில் காயாது.

களர், உவர் நிலத்து மண்ணுக்கு ஒரு சோதனை அவசியம். மொச்சை விதை அளவு மண்கட்டியை ஒரு கண்ணாடி டம்ளரில் பேட்டரித் தண்ணீர் ஊற்றி, அதில் மெதுவாகப் போடுங்கள். கலக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் படர்ந்தால், அந்த மண் தண்ணீரில் தானாகவே கரைந்து பிரிகிற வகை. கட்டி சரிந்து விழுந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. போர்வெல் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதிலுள்ள உப்பு கலங்கலை மறைத்துவிடும், மண் நல்லது என்று ஏமாந்துவிடுவீர்கள்.

கலங்கினால், சின்னக் கசிவுகூட அந்தக் கரையில் வேகமாகப் பெரிதாகும். ஜிப்சம் அல்லது சுண்ணாம்பு கலப்பது, மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடுகிற வடிமணல் அடுக்கு வைப்பது எல்லாம் தீர்வுகள்தான். அளவைப் பொறியாளர் சொல்லட்டும். அதுவரை அந்தக் குட்டையில் பாதிக்கு மேல் தண்ணீர் நிறுத்தாதீர்கள்.

புது மண் வேண்டும் என்று கண்மாயில் வண்டல் எடுப்பதற்கும் அனுமதி வேண்டும். எடுத்தாலும் வண்டலைக் கரைக்குப் போடாதீர்கள். அது வயலுக்கு நல்ல எரு, கரைக்கு ஆகாது.

9. வளைகளும் ஓட்டைகளும்

எலி, நண்டு, உடும்பு, முள்ளம்பன்றி, கரையான் என்று கரையைத் துளைக்கிறவை நிறைய. இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்து எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் போகிறது என்று எழுதுங்கள்.

வாயில் மண் அடைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கிறது, எலி வேறு வாய் திறந்துகொள்ளும். அகலமான வளையைக் கடைசி வரை தோண்டித் திறந்து அடுக்கடுக்காக நிரப்புங்கள். நீளமான, குறுகின வளை என்றால் 9 பங்கு சலித்த மண், 1 பங்கு சிமென்ட் கலந்து கூழ்போலக் கரைத்து, வாயில் ஒரு குழாயைச் செங்குத்தாகச் செருகி, நிரம்பி நிற்கும் வரை ஊற்றுங்கள். கரையான் புற்றை மேலே தட்டிவிட்டால் போதாது. அதன் அடியில் குடம் அளவுக்கு அறைகள் இருக்கும்.

10. மடைக் குழாய்

குட்டைத் தண்ணீரை வெளியே எடுக்கக் கரைக்குள் போகிற குழாய் இது. கரையில் உள்ள மிகப் பலவீனமான இடம் பெரும்பாலும் இதுதான். கரை போட்ட பிறகு குறுக்கே வாய்க்கால் தோண்டி, ஆறு அங்குல பிவிசி குழாயைப் போட்டு, மண்ணைத் தள்ளி மூடியிருப்பார்கள். குழாயின் அடிப்பக்கத்தில் மண் இறுகவே இறுகாது. குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே தண்ணீர் வழி பிடிக்கும்.

இரண்டு விஷயங்களைப் பாருங்கள். குழாய் வெளியே வருகிற இடத்தில், குழாயைச் சுற்றி ஈரமோ சிறு பள்ளமோ இருக்கிறதா? வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது? வெளிப்பக்கம் மட்டும் வால்வு இருந்தால், அதை மூடி வைத்திருக்கும் மாதங்கள் எல்லாம் கரையின் வயிற்றுக்குள் குழாய் முழு அழுத்தத்தில் நிற்கிறது. நடுவில் ஓர் இணைப்பு விட்டால் கரைக்குள்ளேயே பீய்ச்சும். வால்வு தண்ணீர் பக்கம் இருக்க வேண்டும்.

குழாய் மோசமென்றால் என் யோசனை: அதைச் சிமென்ட் கூழால் முழுக்க அடைத்துவிட்டு, கரைக்கு மேலே ஏறி இறங்கி, மோட்டார் இல்லாமல் தண்ணீரை இழுத்து வெளியேற்றுகிற சைஃபன் குழாய்க்கு மாறுங்கள். நான்கு அங்குல எச்டிபிஇ (கெட்டிப் பிளாஸ்டிக்) குழாய், முப்பது மீட்டர். கரைக்குள் ஓட்டையே இல்லை. இரண்டு மீட்டர் மட்ட வித்தியாசத்தில் நொடிக்குச் சுமார் 15 லிட்டர் வரும். ஆனால் அந்த வேகத்தில் நம் 12,000 கன மீட்டர் குட்டையைப் பாதியாக்க நான்கைந்து நாள் ஆகும். ஆகவே புயல் எச்சரிக்கை வந்த அன்று அல்ல, அதற்கு முன்பே இறக்கத் தொடங்க வேண்டும்.

11. முதல் தண்ணீர்

பழுது பார்த்த கரைக்கு முதல் நிரப்புதான் பரீட்சை. மடையைத் திறந்தே வைத்து, மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் முடிந்தவரை அங்கேயே நிறுத்தி ஒரு வாரம் பாருங்கள். தினம் இருமுறை வெளிப்பக்கக் காலடி நெடுக நடங்கள். மேலே நடந்தால் ஒன்றும் தெரியாது, அடியில் நடக்க வேண்டும்.

கசிவு இருப்பதாலேயே கரை கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. மண் கரை கொஞ்சம் கசியும். கேட்க வேண்டிய கேள்வி, வருகிற தண்ணீர் தெளிவா, கலங்கலா என்பது. ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் மண் படிந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது. தெளிவாக இருந்தால், ஒரு குடம் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று எழுதுங்கள். குட்டை மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் கூடினால் அதுவும் எச்சரிக்கைதான்.

ஈரம் தெரிகிற இடத்தில் களிமண்ணையோ தார்ப்பாயையோ போட்டு அடைப்பதுதான் பலரும் செய்கிற தவறு. வெளிப்பக்கம் அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி, சரிவு ஊறி வழுக்கும். தண்ணீர் வரட்டும், மண் வரக் கூடாது. அதற்கு அந்த இடத்தில் முதலில் மணல், அதற்கு மேல் சின்ன ஜல்லி, அதற்கு மேல் பெரிய ஜல்லி, கடைசியில் கல். கழுவிய எம்-சாண்ட் ஆகும். பூச்சு வேலை பி-சாண்ட் வேண்டாம், அதில் தூள் அதிகம்.

12. அவசரத்துக்குத் தயார்

புரட்டாசியிலேயே கரையோரம் இவை இருக்கட்டும்: காலிச் சாக்கு இருநூறு, மணல் ஒரு யூனிட், 20, 40 மில்லிமீட்டர் ஜல்லி தலா அரை யூனிட், கொஞ்சம் குண்டுக்கல், பெரிய தார்ப்பாய், சைஃபன் குழாய், டார்ச். வெள்ளத்தன்று டிப்பர் தோப்புக்குள் வராது.

அவசரத்தில் வரிசை மாறக் கூடாது. முதலில் கீழே இருக்கிறவர்களுக்குப் போன். பிறகு மாவட்டப் பேரிடர் எண் 1077. அதற்குப் பிறகுதான் கரை. "கொஞ்ச நேரம் பார்ப்போம், சொல்லிப் பதற வைக்க வேண்டாம்" என்று தாமதிப்பதுதான் உயிரைக் கொல்லும்.

தண்ணீர் கரைத்தலையை நெருங்கினால் முதலில் கலுங்கில் அடைத்ததை அகற்றுங்கள், கரையில் நின்றபடி நீண்ட கொக்கியால். யாரும் கலுங்குக்குள் இறங்கக் கூடாது. தாழ்ந்த இடத்தில் மட்டும், தண்ணீர் பக்க ஓரமாக மணல் மூட்டை அடுக்குங்கள்.

காலடியில் கலங்கலாக ஊற்று பொங்கினால் அதைச் சுற்றி மூட்டையால் வட்டம் கட்டி, உள்ளே மணல், ஜல்லி, கல் என்று போடுங்கள். மூடி அடைக்காதீர்கள். தண்ணீர் பக்கம் சுழி தெரிந்தால் அதுதான் உள்ளே போகிற வாய். அங்கே கரையிலிருந்தே தார்ப்பாயைக் கல் கட்டி இறக்கலாம், மூட்டை தள்ளலாம். நீச்சல் தெரிந்தவரானாலும் இறங்கக் கூடாது, சுழி இழுத்துவிடும். கரைத்தலையில் நெடுக்கு வெடிப்பு வந்து ஒரு பக்கம் இறங்கினால், மேலே ஜேசிபி ஏற்றவே வேண்டாம். மணல் போட்டு அதன்மேல் கல்லை வெளிப்பக்கக் காலடியில் குவித்துக் கனம் கொடுங்கள்.

எக்காரணம் கொண்டும் கரையை நடுவில் வெட்டிவிடாதீர்கள். வெட்டிய வாய் நிமிடங்களில் கரையையே கொண்டுபோகும். வேறு வழியே இல்லாமல் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கரை முடிந்து இயற்கை நிலம் தொடங்குகிற ஓரத்தில், அதுவும் கீழே ஆட்கள் வெளியேறிவிட்டார்கள் என்று உறுதியான பிறகு.

கலங்கல் கூடிக்கொண்டே போய், ஓட்டை கண்ணெதிரே பெரிதானால் எல்லோரும் கரையை விட்டு இறங்கி மேட்டுக்குப் போங்கள்.

13. தை மாதத்தில்

மழை ஓய்ந்ததும், மட்டம் உயரத்தில் இருக்கும்போதே ஒருமுறை முழுக்க நடந்து கசிவுகளை நோட்டில் ஏற்றுங்கள். வெள்ளம் கலுங்கில் எந்த உயரம் வரை வந்தது என்பதற்குச் சருகுக் கோடு அடையாளம் இருக்கும். அதை அளந்து, கலுங்குச் சுவரில் பெயிண்டால் வருடத்தோடு குறித்துவிடுங்கள். 60 சென்டிமீட்டருக்கு மேல் கோடு இருந்தால், அடுத்த ஆனியில் முதல் செலவு கலுங்கை அகலமாக்குவது. தண்ணீரை ஒரேயடியாக இறைக்காமல் மெதுவாக இறக்குங்கள். சட்டென்று இறக்கினால், ஊறிய உள்சரிவு ஏந்தித் தாங்கத் தண்ணீர் இல்லாமல் சரியும்.

நோட்டை வீட்டில் வைக்காதீர்கள். மோட்டார் ரூமில், பிளாஸ்டிக் உறைக்குள், போன் நம்பர் பட்டியலோடு தொங்கட்டும். நீங்கள் ஊரில் இல்லாத ராத்திரியில் தோப்பில் இருப்பவர் கையில் அது இருக்க வேண்டும்.